பேய்க்கதைக்கும் காமிக்ஸுக்கும் இண்டி மியூசிக்குக்கும் ஒரு அரைப்பக்கம் குடுங்க சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பரோட வார இணைப்ப விடாம படிக்கிற வாசகன் நான். புதுப்படம், ஓடிடி சீரிஸ், பெரிய பதிப்பகத்துல வந்த நாவல்னு எல்லாத்துக்கும் இடம் இருக்கு, சந்தோஷம். ஆனா அமானுஷ்ய கதைகள், காமிக்ஸ், சினிமாவுக்கு வெளிய தனியா பாட்டு போடுறவங்களோட இசை, இந்த மூணும் உங்க பக்கத்துக்கு வர்றதே இல்ல. இந்த மூணுக்கும் பின்னாடி விளம்பரக் காசு கிடையாது, போஸ்டர் கிடையாது, ட்ரெய்லர் கிடையாது. ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட "இத படிச்சுப் பாரு, இத கேட்டுப் பாரு"ன்னு சொன்னாத்தான் உண்டு. அதுனாலதான் இந்த வேலைய ஒரு பேப்பர் செய்யணும்னு கேக்குறேன், சும்மா கேக்காம சில பரிந்துரைகளையும் சேத்தே எழுதுறேன்.

முதல்ல கதைகள். பேய்னாலே நம்ம ஆளுங்களுக்கு சினிமா பேய்தான் ஞாபகம் வருது, திடீர்னு ஒரு மூஞ்சி, காத கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். அதுல நமக்கு வர்றது திடுக்கிடல், பயம் இல்ல, அடுத்த நிமிஷம் சிரிச்சிட்டு போயிடுவோம். எழுத்துல வர்ற பயம் வேற, ஏன்னா அங்க எதையும் காட்ட முடியாது, எழுதுறவர் பாதி சொல்லி நிறுத்திடுவாரு, மீதிய படிக்கிறவன் தன் தலைக்குள்ள கட்டிக்கணும், அப்படி கட்டுன பேய் நமக்குன்னே அளவெடுத்து தெச்ச பேய், அது லேசுல போகாது.

டபிள்யூ.டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902-ல எழுதுன 'குரங்கு பாதம்' கதைய எடுத்துக்கோங்க. மூணு வரம் குடுக்கிற ஒரு காஞ்ச பாதம். முதல் வரத்துல பணம் கேக்குறாங்க, பணம் வருது, ஆனா மகன் ஃபேக்டரி மெஷின்ல சிக்கி செத்ததுக்கு குடுக்கிற பணமா வருது. துக்கம் தாங்காம அம்மா ரெண்டாவது வரத்துல மகன் திரும்பி வரணும்னு அப்பாவ கேக்க வெக்கிறா. ராத்திரி கதவு தட்டுற சத்தம். அம்மா ஓடிப்போய் தாழ்ப்பாள திறக்கப் போராடுறா, மேல் தாழ்ப்பாள் எட்டல, நாற்காலிய இழுத்துப் போடுற சத்தம் கேக்குது, அப்பா மாடில இருட்டுல தரையத் தடவி அந்த பாதத்த தேடுறாரு. மூணாவது வரம் கேட்டுட்டாரு, தட்டுற சத்தம் நின்னுடுது, கதவ திறந்தா வெளிய வெறும் தெரு. வாசல்ல நின்னது என்னன்னு ஜேக்கப்ஸ் ஒரு வார்த்தை சொல்லல சார். சொல்லியிருந்தா நூறு வருஷம் தாண்டி அந்தக் கதை நின்னிருக்காது.

எம்.ஆர். ஜேம்ஸ் இன்னொரு ஆள். தொழில் பழைய கையெழுத்துச் சுவடி ஆராய்ச்சி, கேம்பிரிட்ஜ்ல கிங்ஸ் காலேஜ் தலைவரா இருந்தவரு, கிறிஸ்துமஸ் சமயத்துல நண்பர்கள உக்கார வெச்சு படிச்சுக் காட்டுறதுக்காக எழுதுன கதைகள்தான் 1904-ல புத்தகமா வந்துச்சு. அதுல ஒரு கதைல பேராசிரியர் ஒருத்தர் இடிபாட்டுல ஒரு பழைய விசில் கண்டெடுத்து ஊதிடுவாரு, அப்புறம் அவர் ரூம்ல ஆளில்லாத இன்னொரு கட்டில்ல இருக்கிற துணி எழுந்து உக்காரும். அதோட மூஞ்சிய அவர் சொல்றது ஒரே ஒரு விஷயத்த வெச்சுத்தான், கசங்குன துணியால ஆன மூஞ்சி. நாம தினமும் தொடுற பொருள் அது. அவர் கதைகள் பலதும் வாய்விட்டு படிக்கிறதுக்குன்னு எழுதுனது, அதுனால வீட்ல ஒருத்தர் படிக்க மத்தவங்க கேக்குற மாதிரி ட்ரை பண்ணுங்க, மனசுக்குள்ள படிக்கிறப்போ தெரியாத ஒரு வேகம் அதுல இருக்கு.

நம்ம மொழில இல்லையான்னு கேப்பாங்க. புதுமைப்பித்தனோட 'காஞ்சனை' 1943-ல வந்துச்சு, அதுக்கு மேல என்ன வேணும்? கதை சொல்றவர் ஒரு எழுத்தாளர், ராத்திரி முழிச்சுக்கிட்டு இருக்காரு, திடீர்னு பிணம் எரியிற வாடை அடிக்குது, கொஞ்ச நேரத்துல அதே வாடை ஊதுவத்தி வாசனையா மாறிடுது. வாசனைய வெச்சு பயமுறுத்துறது எவ்வளவு கஷ்டம்னு எழுத முயற்சி பண்ணவங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு புதுசா வந்து சேர்ற வேலைக்காரி நிஜமா என்ன, எல்லாம் அவர் மண்டைக்குள்ள நடக்குதா, கடைசி வரைக்கும் உறுதியா சொல்ல முடியாது. பாடப்புத்தகத்துல 'சிறுகதை வளர்ச்சி'ன்னு பேர மட்டும் படிச்சு விட்டவங்க அத ஒரு பேய்க்கதையா திரும்பப் படிக்கணும்னு நான் கெஞ்சியே கேக்குறேன். ஜெயமோகனோட 'நிழல்வெளிக் கதைகள்' தொகுப்பும் அதே பாதைல போறதுதான்.

புதுசா வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும், அமெரிக்க பேய்க்கதை எழுத்தாளர் லவ்கிராஃப்ட்ல ஆரம்பிக்காதீங்க. பெரிய ஆளுதான், ஆனா அடைமொழி மேல அடைமொழியா அடுக்குவாரு, பழக்கமில்லாதவங்க பாதில மூடிடுவாங்க. முதல்ல ஜேக்கப்ஸ், அப்புறம் ஜேம்ஸ், பெரிய நாவல் வேணும்னா ஷிர்லி ஜாக்சன் 1959-ல எழுதுன 'ஹில் ஹவுஸ்' நாவல், இந்த வரிசை போதும்.

அடுத்து காமிக்ஸ். தமிழ்ல 1972-ல முத்து காமிக்ஸ், 1984-ல லயன் காமிக்ஸ்னு வந்து தலைமுறை தலைமுறையா வாசகர்கள் இருக்காங்க, ஆனா இன்னும் "சின்னப்பசங்க சமாச்சாரம்"னுதான் பேசுறோம். அமெரிக்காவுல இந்த நெனப்புதான் ஒரு காலத்துல ஹாரர் காமிக்ஸையே காலி பண்ணுச்சு. 1954-ல காமிக்ஸ் கோட்னு பதிப்பாளர்களே ஒரு விதிமுறை கொண்டு வந்தாங்க, தலைப்புல 'ஹாரர்', 'டெரர்'ங்கிற வார்த்தையே இருக்கக் கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது, ஓநாய் மனுஷன் கூடாது, எழுந்து நடக்கிற பிணம் கூடாது. 1971-ல தான் கொஞ்சம் தளர்த்துனாங்க. நல்லா ஓடிக்கிட்டு இருந்த ஒரு கலை அத்தனை வருஷம் அங்க முடங்கிக் கிடந்துச்சு, பயந்தவங்க பெரியவங்கதான்.

அந்த மாதிரி தடை இல்லாத ஜப்பான்ல என்ன நடந்துச்சுன்னு பாக்கணும்னா ஜுன்ஜி இட்டோவ படிங்க. பல் டெக்னீஷியனா வேலை பாத்த மனுஷன், 1987-ல வரைய வந்தாரு. 1998-99-ல வந்த 'உசுமாகி' ஒரு ஊரையே சுருள் வடிவம் பிடிச்சு ஆட்டுற கதை. பேய் கிடையாது, வில்லன் கிடையாது, ஒரு வடிவம், அவ்வளவுதான். ஒரு அம்மா சுருளுக்கு பயந்து தலைமுடிய வெட்டிக்கிறா, விரல் ரேகைல சுருள் இருக்குன்னு அதையும் அறுத்துக்கிறா, மகன் ஆஸ்பத்திரில அம்மா கண்ணுல ஒரு படம் மட்டும் படாம பாத்துக்கணும்னு தவிக்கிறான், அது காதோட உள்பக்கத்தக் காட்டுற படம். ஏன்னா காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கு. அத படிச்ச அன்னைக்கு நான் என் காத தொட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன், இப்பவும் சில நேரம் தொடுறேன்.

காமிக்ஸ்ல பயம் வேலை செய்யற இடம் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவுல இருக்கிற வெள்ளை இடமும், பக்கம் திருப்புற அந்த நொடியும்தான். இட்டோ பொறுமையா சின்னச் சின்ன கட்டமா கொண்டு போவாரு, பக்கத்த திருப்புனா முழுப்பக்கத்துக்கு ஒண்ணு இருக்கும், திருப்புனது நம்ம கை. சினிமால அந்த பொறுப்பு நமக்கு கிடையாது. கனடாக்காரங்க எமிலி கேரல் 2010-ல இணையத்துல போட்ட ஒரு குட்டி காமிக்ஸ் இதையே ஸ்க்ரோல் பண்றதுல கொண்டு வந்துச்சு, அண்ணன கொன்ன தம்பி ஒருத்தன், மூணு நாள் கழிச்சு அண்ணன் காட்டுலேர்ந்து சாதாரணமா நடந்து வர்றான். 2014-ல வந்த 'த்ரூ தி வுட்ஸ்' தொகுப்புலயும் அது இருக்கு. கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும், ஆனா கடைசி கட்டம் விடாது.

இசைக்கு வர்றேன். பேய்க்கதைக்கும் இசைக்கும் என்ன சம்பந்தம்னு கேக்குறவங்களுக்கு ஒரு ஜப்பான் கதை சொல்றேன். லாஃப்காடியோ ஹியர்ன் 1904-ல வெளியிட்ட 'க்வைடான்' தொகுப்புல இருக்கு. ஹோயிச்சின்னு ஒரு கண் தெரியாத பாடகன், டான்-நோ-உரா கடல் போர பத்தி வாத்தியம் வாசிச்சுப் பாடுறதுல அவன அடிச்சுக்க ஆளில்ல. ராத்திரி ஒரு படைவீரன் வந்து பெரிய பிரபு கூப்பிடுறாருன்னு கூட்டிட்டு போறான், இவன் பாடப் பாட சபையே அழுவுது. அந்த சபை 1185-ல அதே போர்ல செத்தவங்களோட ஆவிகள், இவன் உக்காந்து பாடுனது கல்லறைக்கு முன்னாடி. காப்பாத்துறதுக்காக உடம்பு முழுக்க மந்திரம் எழுதுறாங்க, காதுல மட்டும் எழுத மறந்துடுறாங்க. வந்த வீரனுக்கு ரெண்டு காது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது, அத பிச்சு எடுத்துட்டுப் போயிடுறான். ஒரு பாடகன்கிட்டேர்ந்து காத எடுக்குறது, யோசிச்சுப் பாருங்க சார்.

சரி, இன்னைக்கு கேக்க என்ன இருக்குன்னா, தி கேர்டேக்கர்ங்கிற பேர்ல ஒரே ஒரு ஆள் 2016லேர்ந்து 2019 வரைக்கும் ஆறு பாகமா ஒரு இசைத்தொகுப்பு போட்டாரு, எல்லாம் சேத்து ஆறு மணி நேரத்துக்கு மேல வரும். டிமென்ஷியா வந்த ஒரு மனசு கொஞ்சம் கொஞ்சமா அழியிறதுதான் விஷயம். கிராமஃபோன் காலத்து நடன இசைத் தட்டுகள எடுத்துக்கிட்டு, முதல் பாகத்துல கீறல் சத்தத்தோட அழகா ஓட விடுறாரு, அப்புறம் அதே மெட்டு திரும்ப வரும், கொஞ்சம் தேய்ஞ்சிருக்கும், நாலாவது பாகத்துக்கு மேல மெட்டுங்கிறதே கலைஞ்சு போயிடும், எங்கயோ ஒரு துண்டு கேட்டா "இது நமக்குத் தெரிஞ்சதாச்சே"ன்னு மனசு பதறும். அமானுஷ்யம்னு ஒரு வார்த்தை அதுல இல்ல, ஆனா நான் கேட்டதுலயே பெரிய பேய்க்கதை அதுதான். ஒரே மூச்சுல கேக்க வேண்டாம், மனசு சரியில்லாதப்போ கேக்கவே வேண்டாம். பெரிய கம்பெனி எதுவும் இத போட்டிருக்காது, தானே வெளியிட்டதுனாலதான் அந்த நீளமும் அந்த பிடிவாதமும் அவருக்கு சாத்தியமாச்சு.

தமிழ்லயும் 2018-ல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கிற இசைக்குழு மேடை ஏறுனதுலேர்ந்து, படத்துல வராத பாட்டுக்கும் கூட்டம் கூடும்னு தெரிஞ்சு போச்சு. அதுக்கப்புறம் ரூம்லயே ரெக்கார்ட் பண்ணி போடுற பசங்க எக்கச்சக்கம். பிரச்சனை என்னன்னா கண்ணுக்குப் படணும். ஸ்பாட்டிஃபைல 2024லேர்ந்து, கடைசி 12 மாசத்துல 1000 தடவையாவது கேக்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கணக்கே கிடையாது. அல்காரிதம் ஏற்கனவே ஓடுறதத்தான் மேல தள்ளும், ஓடாதது அடியிலயே கிடக்கும். பேண்ட்கேம்ப் மாதிரி இடத்துல நேரா வாங்குனா பெரும்பங்கு பாடுனவங்களுக்கே போகுது, அங்க 'டார்க் ஆம்பியன்ட்' (இருண்ட சூழல் இசை), 'ட்ரோன்' (ஒரே சுரம் நீளமா ஒலிக்கிற இசை)னு டேக் போட்டு தேடுனா நான் சொல்ற மாதிரி இசை நிறைய வரும். ஒரு ஆல்பம் பிடிச்சா அத வெளியிட்ட சின்ன லேபிளோட மத்த ஆல்பத்தையும் கேளுங்க, தேடுறதுக்கு அதவிட நல்ல வழி எனக்குத் தெரியல.

நான் கேக்குறது மாசத்துக்கு ஒரு தடவை அரைப்பக்கம். ஒரு கதை, ஒரு காமிக்ஸ், ஒரு ஆல்பம். ஸ்டார் போட வேண்டாம், மார்க் போட வேண்டாம், எங்க கிடைக்கும்னு மட்டும் தெளிவா போடுங்க, எந்த வயசுக்கு ஏத்ததுன்னும் ஒரு வரி சேருங்க, இட்டோவ எட்டு வயசுப் பையன் கைல குடுத்துடக் கூடாது. ஜேக்கப்ஸ், ஜேம்ஸ், ஹியர்ன், புதுமைப்பித்தன் எல்லாரும் இணையத்துல இலவசமாவே கிடைக்கிறாங்க, அதுனால முதல் சில மாசம் யாரும் காசு செலவு பண்ணவே வேண்டியதில்ல. வாசகர்களையும் எழுதச் சொல்லுங்க, ஆசிரியர் குழுவுல யாருக்கும் இதுல ஆர்வம் இல்லன்னாலும் பரவாயில்ல, எழுதுறதுக்கு வெளிய நிறைய பேர் இருக்காங்க, நானும் எழுதித் தரத் தயார்.

அன்புடன்,
உங்கள் வாசகன்