டோக்கியோவுக்கு மாற்றலாகும் தம்பிக்கு

தம்பி,

டல்லாஸ் வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் உன் போன் நம்பரை ரத்து செய்துவிடாதே. மற்றதெல்லாம் அப்புறம். உன் பேங்க், கிரெடிட் கார்டு, 401கே ஓய்வூதியக் கணக்கு எல்லாமே ஓடிபியை அந்த நம்பருக்குத்தான் அனுப்பும். ஜப்பான் நம்பரைப் போட்டால் பாதி இடத்தில் அந்தக் கட்டம் ஏற்றுக்கொள்ளவே செய்யாது. மாதம் சில டாலரில் கிடைக்கிற மலிவான பிளான் ஒன்றுக்கு நம்பரை மாற்றிக்கொண்டு, சிக்னல் இல்லாமல் வைஃபையில் மட்டும் மெசேஜ் வருகிறதா என்று அங்கேயே சோதித்துப் பார்த்துவிட்டு விமானம் ஏறு. முழுக்க இணையவழி நம்பராக மாற்றினால் சில பேங்குகள் அதற்கு ஓடிபி அனுப்ப மறுக்கும்.

சித்தி போன் செய்திருந்தார்கள். "ஜப்பானில் எல்லாம் ஒழுங்காக இருக்குமாமே, பிள்ளைக்கு ஒரு கஷ்டமும் இருக்காது இல்லையா?" என்று கேட்டார்கள். ஒழுங்குதான், அதில் சந்தேகமில்லை. இங்கே எதற்கும் ஒரு காகிதம் உண்டு, அந்தக் காகிதத்தில் எழுதியபடி செய்தால் வேலை நடந்துவிடும், ஓர் ஆண்டில் பழகிவிடுவாய். உன்னை விடாமல் படுத்தப் போவது ஜப்பான் இல்லை, உன் பையில் இருக்கும் அந்த நீல அமெரிக்க பாஸ்போர்ட். நானும் அதே பாஸ்போர்ட்டோடு நியூஜெர்சியிலிருந்து வந்தவள்தான். உனக்கு மட்டும் அனுப்பலாம் என்று தொடங்கினேன், வேறு நாலு பேரும் இதையே கேட்டுக்கொண்டிருப்பதால் எல்லோரும் படிக்கும்படி இங்கேயே போட்டுவிடுகிறேன்.

நீ எங்கே குடியிருந்தாலும், எங்கே சம்பாதித்தாலும், குடிமகன் என்ற ஒரே காரணத்துக்காக ஆண்டுதோறும் கணக்குக் காட்டச் சொல்வது கிட்டத்தட்ட அமெரிக்காவும் எரித்ரியாவும் மட்டும்தான். பெரும்பாலும் கையிலிருந்து வரி போகாது, ஏனென்றால் ஜப்பான் வரியே அதிகம், அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். அப்புறம் எஃப்பார் என்று ஒன்று. அமெரிக்காவுக்கு வெளியே உன் பெயரில் இருக்கிற எல்லாக் கணக்கும் சேர்ந்து ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் கணக்கு நம்பர் வாரியாக எழுதித் தர வேண்டும். சென்னையில் பெரியப்பாவோடு சேர்ந்து உன் பெயரில் இருக்கும் அந்தப் பழைய சேமிப்புக் கணக்கும் இதில் சேரும், அதை நீ மறந்தே போயிருப்பாய். தெரியாமல் விட்டாலும் அபராதம் போடலாம், சட்டத்தில் 10,000 டாலர் என்றிருந்த உச்சவரம்பு பணவீக்கத்தோடு ஏறி இப்போது 16,000-ஐத் தாண்டிவிட்டது. 2023-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த அபராதம் ஒவ்வொரு கணக்குக்கும் இல்லை, ஆண்டு அறிக்கை ஒன்றுக்குத்தான் என்று தீர்ப்பளித்தது. அதுவரை கணக்கு எண்ணிக்கையால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

இதில் உனக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. டோக்கியோவின் நிஷிகசாய் பகுதியில் நம்ம ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவர்கள் தொடங்கி வளர்ந்த கூட்டம் அது, கறிவேப்பிலை முதல் இட்லி அரிசி வரை கிடைக்கும், பொங்கலுக்குக் கூப்பிடுவார்கள், தவறாமல் போ. சாப்பிட்டு முடித்ததும் யாராவது ஒருவர் "நீசா போட்டாயா?" என்று கேட்பார். லாபத்துக்கு வரியில்லாத முதலீட்டுக் கணக்கு அது. 2024-இலிருந்து ஆண்டுக்கு 36 லட்சம் யென் வரை போடலாம். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு அருமையான ஏற்பாடு. உனக்கு வேண்டாம். அமெரிக்கா அந்த வரிவிலக்கை ஒப்புக்கொள்வதில்லை. போதாக்குறைக்கு, ஜப்பானின் மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்கா ஒரு தனி வகையில் தள்ளி, தண்டனை மாதிரி வரி போட்டு, ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனிப் படிவம் கேட்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் தமிழில் பேசுகிறார், உன் ஆபீஸிலேயே வேலை செய்கிறார், அவர் சொல்வதெல்லாம் அவருக்குச் சரி. உனக்கு அது பொருந்தாது என்பது அவருக்கும் தெரியாது. பேங்கில் கணக்குத் தொடங்கும்போதே "நீங்கள் அமெரிக்கரா?" என்று ஒரு கட்டம் வரும் பார், 2010-இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின் கைவரிசை. அதில் பொய் சொல்லாதே.

கம்பெனியிடம் இன்றே ஒன்று கேள்: உன்னை அமெரிக்கச் சம்பளப் பட்டியலிலேயே வைத்து அனுப்புகிறார்களா, இல்லை ஜப்பான் கிளையில் புது ஆளாகச் சேர்க்கிறார்களா? சம்பளத்தில் ஓய்வூதியத்துக்குப் பிடிப்பது பற்றி இரண்டு நாட்டுக்கும் 2005-இலிருந்து ஓர் ஒப்பந்தம் நடப்பில் இருக்கிறது. ஐந்து ஆண்டுக்குள் திரும்பும்படி அங்கிருந்தே அனுப்பினால், சான்றிதழ் ஒன்று வாங்கிவிட்டு அமெரிக்க சோஷியல் செக்யூரிட்டிக்கு மட்டும் கட்டினால் போதும். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஜப்பான் பக்கம் வரியில் உன்னைத் திடுக்கிட வைப்பது ஒன்றே ஒன்றுதான். குடியிருப்பு வரி, ஏறக்குறைய பத்து சதவீதம். போன ஆண்டு வருமானத்துக்கு இந்த ஆண்டு ஜூனிலிருந்து பிடிப்பார்கள். வந்த புதிதில் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள், "அட, சம்பளம் பரவாயில்லையே" என்று நீ பெரிய வீடாகப் பார்க்கத் தொடங்குவாய். அடுத்த ஜூனில் தெரியும். திரும்பிப் போகும்போதும் மிச்சத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

வீடு. வாடகை எவ்வளவு என்று மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதே. ஷிகிகின் என்பது நம்ம அட்வான்ஸ் மாதிரி, கழித்துக்கொண்டு திருப்பித் தருவார்கள். ரெய்கின் வீட்டுக்காரருக்கு வைக்கும் மொய், திரும்பாது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, ஜாமீன் கம்பெனிக்கு அரை மாதமோ ஒரு மாதமோ, தீ இன்ஷூரன்ஸ், பூட்டு மாற்ற ஒரு கட்டணம். எல்லாம் சேர்ந்து நாலைந்து மாத வாடகை முதல் நாளே கையை விட்டுப் போகும். சாவி வாங்கி உள்ளே போனால் கூரையில் விளக்கு இருக்காது, மாட்டுகிற கொக்கி மட்டும் இருக்கும். திரைச்சீலை இருக்காது. சில வீட்டில் கேஸ் அடுப்பும் நாமே வாங்க வேண்டும். பகலிலேயே போய் சாவி வாங்கு, வழியில் ஒரு விளக்கும் வாங்கிக்கொள். யூஆர் என்ற அரசு சார்ந்த குடியிருப்புகளில் ரெய்கினும் இல்லை, புரோக்கரும் இல்லை, ஜாமீனும் இல்லை. கட்டடம் பழசாக இருந்தாலும் நான் அதைத்தான் சொல்வேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. வெளிநாட்டவருக்கு வீடு தருவதில்லை என்று சில வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேரேயே சொல்லிவிடுவார்கள். அதாவது புரோக்கர் போன் செய்து கேட்டுவிட்டு, பாதி குனிந்து மன்னிப்புக் கேட்டபடி நம்மிடம் சொல்வார். 2016-இல் நீதி அமைச்சகம் எடுத்த கணக்கெடுப்பில், வீடு தேடிய வெளிநாட்டவரில் பத்துக்கு நாலு பேர் இந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். உன் சம்பளச் சீட்டைப் பார்த்து யாரும் மனம் மாற மாட்டார்கள்.

இங்கேதான் உன் முகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊர் எது என்று கேட்பார்கள். "அமெரிக்கா" என்பாய். ஒரு நொடி அமைதி. பிறகு மிகவும் மரியாதையாக, "அப்படியா... அப்பா அம்மா?" இந்தியா என்றதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி வரும், உடனே கறி பற்றியும் பெருக்கல் வாய்ப்பாடு பற்றியும் பேச்சு போகும். டல்லாஸில் "நிஜமா நீ எங்கேர்ந்து?" என்று கேட்டால் உனக்கு வருகிற கோபம் இங்கே வர வேண்டியதில்லை, இவர்கள் குத்திக்காட்டக் கேட்பதில்லை. ஆனால் உன்னோடு வேலை செய்யும் வெள்ளைக்கார அமெரிக்கனிடம் அப்பா அம்மாவைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதையும் நீ கவனிப்பாய். எனக்கு அது உறுத்துகிறது, மறைக்கப் போவதில்லை. போலீஸ் விஷயம் வேறு. தோற்றத்தைப் பார்த்து வெளிநாட்டவரை நிறுத்திச் சோதிப்பதாகப் புகார்கள் வருகின்றன என்று 2021 டிசம்பரில் டோக்கியோவிலுள்ள அமெரிக்கத் தூதரகமே தன் குடிமக்களை எச்சரித்தது. ஸ்டேஷன் வாசலில் நிறுத்தினால் குடியிருப்பு அட்டையைக் காட்டு, அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். விமான நிலையத்தில் கொடுப்பார்கள், வீடு கிடைத்த 14 நாளுக்குள் வார்டு அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துகொள். உன் பெயரைக் கதகனா என்ற ஜப்பானிய எழுத்தில் எப்படி எழுதுவது என்று அதற்கு முன்பே முடிவு செய். பேங்கில் ஒரு மாதிரி, கிரெடிட் கார்டில் ஒரு மாதிரி என்று எழுதினால் இரண்டும் வேறு ஆள் என்று கம்ப்யூட்டர் சாதிக்கும், அதற்கு மேல் அங்கே இருப்பவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.

குப்பை பற்றி எல்லோரும் உன்னைப் பயமுறுத்தியிருப்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை. வார்டு அலுவலகத்திலேயே ஒரு காலண்டர் தருவார்கள், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடு. தண்ணீர் பாட்டிலுக்கு மூடியைத் தனியாக, மேலே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைத் தனியாக, பாட்டிலைக் கழுவி நசுக்கித் தனியாக. காலை எட்டு மணிக்குள் வைத்து, காக்கை கிளறாதபடி வலையை ஓரம் வரை இழுத்து மூடு. நாற்காலி, மெத்தை மாதிரி பெரியவற்றுக்கு முன்பதிவு செய்து, கடையில் கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். தெருவில் குப்பைத் தொட்டி தேடாதே, 1995-இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பல இடங்களில் எடுத்துவிட்டார்கள்.

நிலநடுக்கம் வந்தால் போன் அலறும், பக்கத்து வீட்டு போனும் அதே நொடியில் அலறும். இங்கே டிவியில் முதலில் சொல்வது நீ பழகிய ரிக்டர் மாதிரி எண் இல்லை, நீ நிற்கும் இடம் எவ்வளவு ஆடியது என்ற ஷிந்தோ அளவு, பூஜ்யத்திலிருந்து ஏழு வரை. ஐந்தை ஒட்டி ஆடினால் கேஸ் மீட்டர் தானே வாயுவை நிறுத்திவிடும். அடுப்பு பற்றாது, வெந்நீர் வராது, கேஸ் கம்பெனிக்காரர் வந்தால்தான் ஆகும் என்று குளிராமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு. வீட்டு வாசலுக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்தால் மீட்டரில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். கேஸ் வாடை இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டு, அடுப்பு, கீசர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மீட்டரில் இருக்கும் பொத்தானை அழுத்து. மூன்று நிமிடம் எதையும் தொடாதே. எங்கும் கசிவு இல்லை என்று மீட்டர் தானே பார்த்துக்கொண்டதும் விளக்கு அணைந்துவிடும், சோறு வைக்கலாம். குடிவந்த அன்றே அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்து வை.

கார் ஓட்டும் ஆசை இருந்தால், டெக்சஸ் லைசென்ஸை நேராக மாற்ற முடியாது. மேரிலாந்து, வாஷிங்டன், ஹவாய் மாதிரி சில மாநிலத்தாருக்குத்தான் தேர்வு இல்லை. உனக்கு எழுத்துத் தேர்வும் உண்டு, ஓட்டிக் காட்டவும் வேண்டும், 2025 அக்டோபரிலிருந்து கேள்விகள் பத்திலிருந்து ஐம்பதாகிவிட்டன. டோக்கியோவில் ரயிலே போதும் என்பது என் கருத்து.

தேங்க்ஸ்கிவிங் அன்று உனக்கு ஆபீஸ் உண்டு. வான்கோழி காஸ்ட்கோவில் கிடைக்கும், வேக வைக்கிற ஓவன்தான் வீட்டில் இருக்காது. சூப்பர் பௌல் ஃபுட்பால் இறுதி ஆட்டம் திங்கட்கிழமை காலையில் வரும். சித்தியோடு பேச டல்லாஸுக்கும் இங்கேயும் குளிர்காலத்தில் 15 மணி நேரம், கோடையில் 14. ஜப்பான் கடிகாரத்தை மாற்றுவதில்லை, மாறுவது நீங்கள்தான்.

கடைசியாகப் பெட்டி. கவனக்குறைவுக்குத் தரும் அடரால் மாத்திரை ஒன்றுகூட வேண்டாம், டாக்டர் சீட்டு இருந்தாலும் இங்கே அது முழுக்கத் தடை. யாருக்காவது கொண்டுவரச் சொன்னால் முடியாது என்று சொல்லிவிடு. 2015-இல் ஒரு பெரிய கார் கம்பெனியில் இருந்த அமெரிக்க அதிகாரி, தபாலில் வந்த வலி மாத்திரைக்காகக் கைதானார். வழக்குப் போடாமல் விட்டார்கள், ஆனாலும் வேலை போய்விட்டது. சளிக்குப் போடும் சூடாஃபெட்டும் வேண்டாம். பீஃப் ஜெர்க்கியை விமான நிலையத்திலேயே பிடுங்கிக்கொள்வார்கள். உன் கால் அளவுக்கு இங்கே ஷூ தேடி அலைய வேண்டும், இரண்டு ஜோடி கூடுதலாக வை. டியோடரன்ட் ஒரு டஜன் வை, இங்கே கிடைப்பது நம் வேர்வைக்குத் தாங்காது. மிச்ச இடத்தில் சித்தி போட்ட எலுமிச்சை ஊறுகாய் எனக்கு ஒரு பாட்டில், மூடியை டேப் போட்டு ஒட்டச் சொல்.

அன்புடன்,
அக்கா