பிஸ்டல் விஷயமாக, மகனுக்கு

கல்லிடைக்குறிச்சி
ஐப்பசி, வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், உன் சுகம் அறிய ஆவல். போனில் எழுதினால் அம்மா கண்ணில் பட்டுவிடும், அதனால்தான் பேப்பரை எடுத்தேன். மேலத்தெரு வாத்தியார் மகன் அடுத்த வாரம் டல்லாஸ் திரும்புகிறான், அவனிடம் கொடுத்துவிடுகிறேன். நேரில் போய் வாங்கிக்கொள். தபாலில் போடச் சொல்லாதே.

மழை பிடித்துவிட்டது. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது. பிசானத்துக்கு நாற்றுப் பாவியாயிற்று. அக்கா வீட்டுச் சுவர் விஷயம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்.

மூன்று பிஸ்டலைப் படம் எடுத்து அனுப்பி, ரேஞ்சில் டார்கெட் சுட எது நல்லது என்று கேட்டிருந்தாய். அது வந்து 11 நாள் ஆகிறது. அதற்கு முன்னால் நீ எழுதியது ஆடியில். நடுவில் ஆச்சி திதி வந்து போனது, தீபாவளி வந்து போனது. நான் அனுப்பியதற்கெல்லாம் இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் "பார்த்துட்டானா?" என்பாள். பார்த்துவிட்டான் என்பேன். சரி, பிஸ்டலுக்கு வருகிறேன்.

படத்தை விரித்து விரித்துப் பார்த்தேன். ரூகர் மார்க் 4, அது .22, சின்னக் குண்டு. கிளாக் 19, அது 9 எம்.எம். அப்புறம் செக் நாட்டு சி.இசட். ஷேடோ 2, அதுவும் 9 எம்.எம்.தான். மூன்றும் நல்ல சாமான், ஆனால் மூன்றும் மூன்று வேலைக்குச் செய்தது. யாரையும் கேட்காமல் வாங்காமல் அப்பாவிடம் கேட்டாயே, அதில் எனக்குச் சந்தோஷம். யூடியூபில் மூன்று நாளாக இதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

9 எம்.எம்.மில் ஆரம்பிக்காதே. புதிதாகச் சுடுகிறவனுக்கு அந்த உதையும் சத்தமும் ஆகாது. எனக்கென்ன பயம் என்பான். ஆனால் கைக்குப் பயம் இருக்கும். டிரிக்கர் விழுவதற்கு முன்பே மணிக்கட்டு கீழே குத்தும். வலக்கைக்காரனுக்குக் குண்டெல்லாம் இடப்பக்கம் கீழே போய் விழும். ரிக்ரூட் பையன்களிடம் இதை எத்தனை பார்த்திருப்பேன். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. .22-ல் உதை இல்லை என்றே சொல்லலாம். ரவுண்டு, அதாவது தோட்டா, அதன் விலையும் 9 எம்.எம்.மை விட நன்றாகக் குறைவு, அதே காசுக்கு நிறையச் சுடலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நம் பட்டாளத்து சுபேதார் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கியது .22-ல்தான். அன்றைக்கு நீ சென்னையிலிருந்து போன் போட்டு "அப்பா, உங்க ஆளு ஜெயிச்சிட்டாரு" என்று கத்தினாய். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

மார்க் 4-ஐக் கழற்றுவதும் சுலபம். பின்பக்கம் ஒரு பட்டனை அழுத்தினால் மேல்பாகம் மடங்கித் திறந்துகொள்ளும். அதற்கு முந்திய மார்க்குகளைக் கழற்றிவிட்டால் திரும்பப் பூட்டுவது பெரும்பாடு. ஷேடோ 2 முழுக்க இரும்பு, ஒன்றேகால் கிலோவுக்கு மேல். அந்தக் கனமே பாதி உதையைத் தின்றுவிடும். ஆனால் விலை ஆயிரம் டாலரைத் தாண்டும், அது போட்டிக்குப் போகிறவன் வாங்குவது. கிளாக் 19 பிளாஸ்டிக் உடம்பு. டிரிக்கர் இழுப்பு இரண்டரைக் கிலோ அளவுக்கு இருக்கும். இடுப்பில் செருகிக்கொண்டு திரிகிறவனுக்குச் செய்த சாமான் அது. டார்கெட்டுக்கு அது எதற்கு? அதை ஏன் இந்த மூன்றில் சேர்த்தாய்?

கடையில் எடுத்துப் பார்க்கும்போது, முதலில் ரவுண்டு உட்காருகிற சேம்பர் காலியா என்று கண்ணாலும் பார், விரல் விட்டும் பார். அப்புறம் டார்கெட் பக்கம் கையை நீட்டிக் கண்ணை மூடு. மெதுவாகத் திற. முன் சைட்டும் பின் சைட்டும் தானாகவே ஒரே நேரில் நின்றால் அந்தப் பிடி உன் கைக்குப் பொருந்துகிறது. ஆள்காட்டி விரலின் நுனிச் சதை டிரிக்கரில் உட்கார வேண்டும், கணு போய் உட்காரக்கூடாது. சுடும்போது முன் சைட் மட்டும் தெளிவாகத் தெரிய வேண்டும். டார்கெட் மங்கலாகத் தெரிந்தால் கவலைப்படாதே. காதுக்குள் பஞ்சு மாதிரி வைப்பதையும் வை, மேலே மஃப்பையும் மாட்டு. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதே, ஈயம் அது.

ஆனால் எய்யா, இப்போது எதையும் வாங்காதே. ரேஞ்சிலேயே வாடகைக்குக் கிடைக்கும் என்று நீதானே சொன்னாய். வாடகைக்கு எடு, சுடு, அங்கேயே வைத்துவிட்டு வா. ஆறு மாதம் அப்படிப் போகட்டும். கைக்கு எது பொருந்துகிறது என்று அப்போதுதான் தெரியும்.

வீட்டில் ஒன்று வேண்டும் என்றால் காற்றுப் பிஸ்டல் வாங்கு. 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் 2 வெண்கலமும் வாங்கியது அதில்தான். 4.5 எம்.எம். பெல்லட். 10 மீட்டர் தள்ளி டார்கெட், அதில் பத்து மார்க் வட்டத்துக்குக் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதில் குண்டு போடுகிறவன் எதிலும் போடுவான். உன் கராஜிலேயே அவ்வளவு தூரம் கிடைக்குமா என்று அளந்து பார்.

கிரீன் கார்டு வந்துவிட்டது, எனக்கு வாங்க உரிமை இருக்கிறது என்று எழுதியிருந்தாய். உரிமை இல்லை என்று யார் சொன்னது? பெரிய மாமாவுக்கும் தாத்தா காலத்திலிருந்து லைசென்ஸ் இருக்கிறது. ஒவ்வொரு எலெக்ஷனுக்கும் அந்த இரட்டைக் குழலைச் சாக்கில் சுற்றி சைக்கிளில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவாரே, நீயும் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாய். ஒப்படைத்துவிட்டு ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு டீ குடித்துவிட்டு வருவார். கொஞ்ச நாள் துப்பாக்கி வேறு இடத்தில் இருந்தால் அவருக்கு என்ன கௌரவம் குறைந்தது?

போன வாரம் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போய்வந்தோம். மணியாச்சியில் வண்டி நின்றது. சின்ன வயதில் லீவுக்கு உன்னைக் கூட்டிவரும்போதெல்லாம் அந்த ஸ்டேஷனில் வாஞ்சி கதை சொல்லச் சொல்லுவாய். 1911 ஜூன் 17, செங்கோட்டைக்காரர், கலெக்டர் ஆஷ், பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். எங்கள் பட்டாளத்து 9 எம்.எம்.மும் அந்த பிரௌனிங் வம்சம்தான் என்று நான் பெருமையாகச் சொல்லுவேன். இந்தத் தடவை அம்மா வெறுமனே "வாஞ்சி மணியாச்சி" என்று போர்டைப் படித்தாள். அந்தக் கதையின் கடைசி எனக்கு ஞாபகம் வந்து, வண்டி கிளம்பும் வரைக்கும் வெளியே பார்க்க முடியவில்லை.

படத்தின் ஓரத்தில் உன் கையும் விழுந்திருக்கிறது. வாட்ச் நழுவிப் புறங்கையில் கிடக்கிறது. கல்யாணத்துக்கு மாமா போட்ட வாட்ச். இறுக்குகிறது என்று அன்றைக்கே ஒரு ஓட்டை தளர்த்திப் போட்டாய். என்ன சாப்பிடுகிறாய்? பாப்பாவும் அவள் அம்மாவும் தனியாகப் போன பிறகு அடுப்பே மூட்டுவதில்லையா? நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம். அது உங்கள் இரண்டு பேர் விஷயம். மருமகள் மேல் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. பாப்பா போன மாதம் வீடியோவில் வந்து ஆத்திச்சூடி சொன்னாள். உனக்குத் தெரியுமோ என்னவோ.

இந்தத் தெருவிலிருந்து முதன்முதலில் அமெரிக்கா போனவன் நீ. அக்கா கல்யாணத்தை நடத்தியவன் நீ. ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியவன் நீ. ஊரில் யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் ஆச்சி திதிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். ஆச்சி உன்னைத் தோளிலேயே வைத்து வளர்த்தவள். ஒரு போன், இரண்டு நிமிஷம்.

இதை எழுதிவிட்டு ஒரு மணி நேரம் திண்ணையில் போய் உட்கார்ந்திருந்தேன். உன்னைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1996 லீவு உனக்கு ஞாபகம் இருக்கும். உனக்கு 9 வயது. இரண்டு மாதம் வந்திருந்து யாரிடமும் பேசாமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காம்பஸ் டப்பா வாங்கித் தரச் சொன்னதற்கு உன்னை அடித்தேன். ஏன் என்று இன்றுவரை யாருக்கும் சொல்லவில்லை. எனக்கு நாயப் சுபேதார் பிரமோஷன் வராததற்கு இந்தி சரியாக வராததுதான் காரணம் என்று அம்மாவிடம் சொன்னேன். அது பொய்.

நான் கோத் என்.சி.ஓ.வாக இருந்தேன். ஆயுதங்கள் இருக்கிற அறைக்கு நான்தான் பொறுப்பு, சாவி என் இடுப்பில். ஃபயரிங் முடிந்து வந்தால் மீதி ரவுண்டையும் காலி கேஸையும் ஒவ்வொன்றாக எண்ணி ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். ஒருநாள் எண்ணாமல் கையெழுத்துப் போட்டேன். களைப்பு. வேறு காரணம் ஒன்றும் கிடையாது. மறுநாள் ஒரு ரவுண்டு குறைந்தது. ஒரே ஒரு ரவுண்டு. கம்பெனி முழுக்க மூன்று நாள் வெயிலில் மண்டியிட்டு ரேஞ்சு மணலைச் சலித்தது. நான் வரிசையின் கடைசியில் சலித்தேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பையனின் பவுச்சுத் தையலுக்குள் கிடந்தது. ஆனாலும் விசாரணை நடந்தது, என் பெயர் பிரமோஷன் லிஸ்டிலிருந்து போனது.

அதற்கு மூன்றாம் நாள் ராத்திரி, கோத்துக்குள் தனியாக இருந்தேன். ஒரு பிஸ்டலை எடுத்து மேஜையில் வைத்திருந்தேன். துடைக்கத்தான் எடுத்தோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் எண்ணெயும் எடுக்கவில்லை, துணியும் எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. நம்ம மேலப்பாளையம் பாய் மாமா கதவைத் தட்டினார். உள்ளே வந்து மேஜையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. பிஸ்டலை எடுத்து ரேக்கில் வைத்தார். கையை நீட்டினார். "சாவியத் தாரும்வே. ரெண்டு மாசம் எங்கிட்ட கிடக்கட்டும். நீரு லங்கருக்குப் போயி அரிசி மூட்டைய எண்ணும்" என்றார். கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டேன். கை நீட்டியபடியே நின்றார். விடியும்போது கொடுத்தேன்.

மறுநாள் காலையில் பெரியவர்களிடம் பேசி என்னை லங்கருக்கு, அதாவது பட்டாளத்துச் சமையல்கட்டுக்கு, மாற்றியதும் அவர்தான். என் மானத்தை வாங்கிவிட்டார் என்று ஒரு வருஷம் அவரிடம் பேசவில்லை. எல்லாரோடும் உட்கார்ந்து வெங்காயம் உரித்து, அதட்டு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. டாக்டரிடம் போயிருந்தால் சீக்கிரமே வந்திருக்கும், போக வெட்கப்பட்டேன். நீ வெட்கப்படாதே. அந்த ராத்திரி மாதிரி இன்னொன்று எனக்கு அப்புறம் வரவேயில்லை. சாவி கையில் இல்லாத அந்த இரண்டு மாதம்தான் என்னைக் கொண்டுவந்து உங்களிடம் சேர்த்தது. போன ரம்ஜானுக்குப் பிரியாணி கொடுத்தனுப்பினார். இன்னும் அவருக்கு நான் நன்றி சொல்லவில்லை.

நீ டார்கெட் சுடத்தான் கேட்டிருப்பாய். அப்படியே இருக்கட்டும். அப்பா தப்பாக நினைத்துவிட்டேன் என்று போனில் திட்டு, கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நேராகவே கேட்கிறேன்: அந்த மாதிரி நினைப்பு ஏதாவது வருகிறதா? வந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு. இங்கே நடுராத்திரியாக இருந்தாலும் கூப்பிடு. ஏற்கனவே வாங்கியிருந்தால் இதைக் கொண்டுவருகிற வாத்தியார் மகனிடம் கொடுத்துவை. ரவுண்டையும் சேர்த்துக் கொடு. அவனிடம் நான் ஒன்றும் விவரம் சொல்லவில்லை, கொடுத்தால் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதே.

நான் கார்த்திகையில் வருகிறேன். பாப்பா பிறந்தபோது எடுத்த 10 வருஷ விசா இன்னும் இருக்கிறது. டிக்கெட் பார்க்கச் சொல்லிவிட்டேன். அம்மா முட்டுவலியோடு அவ்வளவு தூரம் உட்கார முடியாது, அக்கா வீட்டில் இருப்பாள். மூன்று மாதம் உன்னோடு இருப்பேன். சோறு நான் ஆக்குவேன், லங்கரில் கற்றது மறக்கவில்லை. அக்கா வீட்டுச் சுவர் விஷயத்தையும் வந்து சொல்கிறேன்.

ரேஞ்சுக்குச் சேர்ந்தே போவோம். விசிட்டர் விசாவில் வருகிறவர்கள் அங்கே துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று போன தடவை நீதான் சொன்னாய். தொடவில்லை. வாடகை .22-ஐ எடுத்து நீ சுடு. நான் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து காலி கேஸ் எண்ணுகிறேன்.

அன்புடன்,
அப்பா