சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைக் காலத் தள்ளுபடி விற்பனையைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கட்டுரை, எந்தப் பொருள் எந்தத் தளத்தில் எவ்வளவு மலிவாகக் கிடைக்கிறது என்பதை விரிவாகவே சொன்னது. அந்தப் பொருள் வாங்குபவரின் வாசலுக்கு வந்து சேர என்ன செலவாகும் என்பதைத்தான் சொல்லவில்லை. சமவெளி நகரங்களில் இருப்பவர்களுக்கு இது ஒரு குறையாகத் தோன்றாமல் போகலாம். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி வால்பாறையில் வசிக்கும் என் போன்றவர்களுக்கோ, பொருளின் விலையைக் கேட்பதற்கு முன்பு அதைக் கொண்டுவந்து சேர்க்கும் கூலியைக் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்குத்தான் கடைசிவரை நேரான பதில் கிடைப்பதில்லை.

2025 மார்ச் மாதம் எங்கள் வீட்டுக் குக்கரின் கேஸ்கெட் இற்றுப்போனது. அந்த அளவு இங்குள்ள கடைகளில் இல்லை. பொள்ளாச்சிக்குப் போய்த் திரும்புவதென்றால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். ஆகவே, சமையலறைச் சாமான்களை மட்டும் விற்கும் சென்னை நிறுவனம் ஒன்றின் இணையதளத்தில் தேடினேன். கேஸ்கெட்டின் விலை 165 ரூபாய் என்றும், டெலிவரிக் கட்டணம் 40 ரூபாய் என்றும் பக்கத்தின் மேற்பகுதியிலேயே பச்சை எழுத்தில் இருந்தது. பின்கோடு கேட்ட கட்டத்தில் 642127 என்று இட்டதும், வியாழக்கிழமைக்குள் வந்து சேரும் என்று தேதியும் காட்டியது. பெயர், முகவரி, கைப்பேசி எண், ஓ.டி.பி. எல்லாவற்றையும் கொடுத்துப் பணம் செலுத்தும் திரைக்கு வந்தபோது, 205 ரூபாயாக இருந்திருக்க வேண்டிய தொகை 420 ரூபாயாக நின்றது. அதன் கீழே மங்கலான சிறிய எழுத்தில் 'விவரம்' என்றிருந்ததைத் தொட்டுப் பார்த்த பிறகுதான், தொலைவுப் பகுதிக் கூடுதல் கட்டணம் 190 ரூபாய், பேக்கிங் கட்டணம் 25 ரூபாய் என்ற இரண்டு வரிகள் கண்ணில் பட்டன. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்ன கணக்கில் கூலி மூன்று மடங்கு. எனக்கு ஒன்றரை மடங்கோடு விட்டார்களே என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். மூன்று நாளாக வீட்டில் பருப்பு வேகாத நிலையில், வாதாடத் தெம்பின்றிப் பணத்தைக் கட்டினேன். கட்டுவதற்கு முன்பு ஒவ்வொரு திரையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டது மட்டுமே நான் செய்த புத்திசாலித்தனம்.

பொருள் சொன்ன நாளில் வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் பகுதித் தபால்காரர். 34 ஆண்டுகள் அஞ்சல் துறையில் பணியாற்றி, அதில் பெரும்பகுதியைக் கவுண்டரிலேயே கழித்தவன் என்ற முறையில், உறையைக் கையில் வாங்கியதுமே அது விரைவு அஞ்சல் என்பதும், எடை 200 கிராமைத் தாண்டாது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே பழைய நாட்காட்டித் தாள் ஒன்றில் கேஸ்கெட்டைச் சுற்றி வைத்திருந்தார்கள். 25 ரூபாய் பேக்கிங் அதுதான். உறையின் மேலிருந்த பதின்மூன்று இலக்கக் குறியீட்டை அஞ்சல் துறையின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தேன். பதிவு செய்த அலுவலகம், தேதி ஆகியவற்றோடு கட்டணம் என்ற கட்டத்தில் 47 ரூபாய் 20 காசு என்றிருந்தது. அன்றைய கட்டணப்படி, 200 கிலோமீட்டருக்கு மேல் 1,000 கிலோமீட்டருக்குள் செல்லும் அந்த எடையுள்ள உறைக்கு 40 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று கணக்கு மிகச் சரியாக இருந்தது. எனக்குக் காட்டிய 40 ரூபாயைவிட உண்மைச் செலவு 7 ரூபாய் 20 காசுதான் அதிகம். அதற்கு 190 ரூபாய் கூடுதல் கட்டணம் என்பது எந்த வாய்ப்பாட்டில் வருகிறது?

விற்பனையாளரிடம் கேட்டபோது, அது கூரியர் நிறுவனம் விதிக்கும் ஓ.டி.ஏ. கட்டணம் என்று பதில் வந்தது. டெலிவரி எல்லைக்கு அப்பாற்பட்ட பகுதி என்பதைத்தான் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்படி மூன்றெழுத்தில் சொல்கிறார்கள். தனியார் கூரியர்கள் இப்படி ஒரு பட்டியல் வைத்திருப்பது உண்மை. அதில் நியாயமும் இல்லாமல் இல்லை. நாளொன்றுக்கு நான்கு பார்சல்களுக்காக ஒருவர் மலைப்பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தால் பெட்ரோலுக்கும் ஆளுக்கும் செலவுண்டு, அதை யாராவது ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அஞ்சல் துறைக்கு ஓ.டி.ஏ. என்று ஒன்று கிடையாது. பின்கோடு உள்ள இடமெல்லாம் அதற்கு டெலிவரி எல்லைதான். மலை என்றோ தீவு என்றோ விரைவு அஞ்சலுக்குத் தனிக் கட்டணம் இல்லை, தூரமும் எடையும் மட்டுமே கணக்கு. அந்தக் கட்டணங்கள் 2025 அக்டோபர் 1 முதல் உயர்ந்திருக்கின்றன என்றாலும், 250 கிராமுக்குட்பட்ட உறையை நாட்டின் எந்த மூலையிலிருந்து அனுப்பினாலும் வரி உட்பட நூறு ரூபாயைத் தொடாது. கூரியரின் பெயரால் கட்டணம் வாங்கிக்கொண்டு தபாலில் அனுப்புவதற்கு என்ன பெயர் என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

கூரியர் உண்மையாகவே வந்தாலும் கதை முடிவதில்லை. எங்கள் ஊரில் பலருக்கும் பழக்கமான ஒன்றைச் சொல்கிறேன். தொலைவுப் பகுதி என்று கூடுதலாக வாங்கிய பிறகும், எஸ்டேட்டுக்குள் வண்டி வராது, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று தொலைபேசி வரும். லயன் எனப்படும் எஸ்டேட் வரிசை வீட்டில் இருக்கும் தேயிலைத் தொழிலாளி, அரை நாள் கூலியை இழந்து பேருந்துக் கட்டணமும் கொடுத்து அதை எடுத்துவர வேண்டும். வாசல்வரை கொண்டுவருவதற்காக வாங்கிய பணத்தில் வாசல்வரை வராத பகுதிக்கு உரியதை அவருக்கு யாரும் திருப்பிக் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எடையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கூரியர் நிறுவனங்கள் தராசில் காட்டும் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000ஆல் வகுத்து, கொள்ளளவு எடை என்று ஒன்றைக் கணக்கிட்டு, இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. 40, 30, 20 சென்டிமீட்டர் அளவுள்ள பெட்டியில் 900 கிராம் எடையுள்ள தலையணை ஒன்றை வைத்தால் அது 4.8 கிலோவாகிவிடும். வண்டியில் இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருளுக்கு இது முறையான கணக்குதான். ஆனால் சிறிய பொருளைக் கையில் கிடைத்த பெரிய அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பும் விற்பனையாளரின் சோம்பலுக்கும் வாங்குபவர்தான் காசு கொடுக்கிறார். அவருக்குப் பெட்டியின் அளவை யாரும் முன்கூட்டிச் சொல்வதுமில்லை.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் வந்த மின்வணிக விதிகள், ஒரு பொருளின் மொத்த விலையை ஒரே தொகையாகக் காட்ட வேண்டும் என்றும், அதில் டெலிவரி, தபால், கையாளும் கட்டணம், வரி ஆகியவை எவ்வளவு என்று பிரித்தும் காட்ட வேண்டும் என்றும் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். இவற்றோடு, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், டார்க் பேட்டர்ன் எனப்படும் ஏமாற்று வடிவமைப்புகளில் 13 வகைகளைப் பெயர் சொல்லித் தடுக்கின்றன. விலையின் ஒரு பகுதியை முதலில் மறைத்து வைத்துப் பின்னால் சொட்டுச் சொட்டாக வெளியிடும் டிரிப் பிரைசிங், கேட்காத பொருளையோ சேவையையோ கூடையில் நுழைத்துவிடும் பாஸ்கெட் ஸ்னீக்கிங் ஆகிய இரண்டும் அவற்றில் அடக்கம். 2025 ஜூன் மாதம், தங்கள் தளங்களில் இப்படிப்பட்ட உத்திகள் உள்ளனவா என்று மூன்று மாதங்களுக்குள் தாங்களே தணிக்கை செய்துகொள்ளும்படி மின்வணிக நிறுவனங்களை அந்த ஆணையம் அறிவுறுத்தியது. பரீட்சை எழுதியவரிடமே விடைத்தாளைத் திருத்தக் கொடுத்தால் யார் தோற்பார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்ததைச் சொல்வது மற்றவர்களுக்கும் பயன்படலாம். ஒவ்வொரு மின்வணிக நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் வெளியிட வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பதும் விதி. வாடிக்கையாளர் சேவை என்ற பெயரில் கணினி தரும் பதில்களோடு மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, அந்த அலுவலருக்கே மின்னஞ்சல் அனுப்பினேன். முதல் பக்கம், கடைசிப் பக்கம் ஆகியவற்றின் படங்கள், விலைப்பட்டியல், 47 ரூபாய் 20 காசு காட்டிய அஞ்சல் துறைப் பக்கம் என்று நான்கை இணைத்தேன். அதிகம் எழுதவில்லை, ஓ.டி.ஏ. கட்டணம் கூரியருக்குச் செலுத்தப்பட்டிருந்தால் அதன் ரசீதை அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும் கேட்டேன். ஐந்து நாள் பதிலே இல்லை.

அதன் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தேன். தமிழிலேயே பேச முடிந்தது என்பதை, ஆங்கிலத்துக்கு அஞ்சிப் பேசாமல் இருந்துவிடுபவர்களுக்காகக் குறிப்பிடுகிறேன். புகார் எண் கொடுத்தார்கள். ஆறாம் நாள் 190 ரூபாய் என் கணக்கில் வந்து சேர்ந்தது. ரசீதும் வரவில்லை, வருத்தம் என்ற ஒரு சொல்லும் வரவில்லை. இந்த உதவி எண் நீதிமன்றம் அன்று. நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பேசி முடிக்க முயலும் அமைப்பே. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. விற்பனையாளர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்குபவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணமில்லை, வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்பதுமில்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தால் போதும். எனினும் 190 ரூபாய்க்காக யார் ஆணையத்தின் படியேறுவார்கள் என்ற கணக்குதான் இந்தக் கட்டணங்களையெல்லாம் உயிரோடு வைத்திருக்கிறது. ஆளுக்கு 190 என்று எத்தனை பேரிடம் வாங்கினார்களோ, அவர்களில் கேட்டவர்களுக்கு மட்டுமே திரும்புகிறது.

ஆகவே, கேட்பவருக்குத் திருப்பிக் கொடுப்பது போதாது. கேட்க வேண்டிய நிலையே வராதபடி திரையை அமைக்கச் சொல்ல வேண்டும். இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை என்பதுதான் என் முக்கியமான வாதம். பின்கோட்டை இட்டவுடன், பொருள் வியாழக்கிழமை வரும் என்று சொல்லத் தெரிந்த கணினிக்கு, அதை அங்கே சேர்க்க எவ்வளவு ஆகும் என்பதும் அந்த நொடியே தெரியும். தேதி ஆசை காட்டுவதால் முதலில் வருகிறது. கட்டணம் ஆசையைக் கெடுக்கும் என்பதால் கடைசியில் வருகிறது. பின்கோடு இட்ட அதே இடத்தில், அதே அளவு எழுத்தில், எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்தத் தொகையைக் காட்டியாக வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் திட்டவட்டமாகச் சொல்லட்டும். தொலைவுப் பகுதிக் கட்டணம் வாங்கினால், எந்த நிறுவனம் மூலம் பொருள் வருகிறது, அதற்குச் செலுத்திய தொகை எவ்வளவு என்பது விலைப்பட்டியலில் இருக்கட்டும். கூரியருக்கு உண்மையாகவே 190 ரூபாய் ஆகிறது என்றால் வாங்குபவர் முதலிலேயே தெரிந்துகொண்டு, தபாலில் அனுப்புங்கள் என்றோ, வேண்டாம் என்றோ சொல்லிவிட்டுப் போவார்.

அஞ்சல் துறைக்காரனுக்குப் பழைய கணக்குகள் மறப்பதில்லை. 1854ஆம் ஆண்டில்தான், தூரத்துக்கேற்பக் கூலி என்றிருந்ததை மாற்றி, நாட்டுக்குள் எங்கு அனுப்பினாலும் கடிதத்துக்கு ஒரே கட்டணம் என்ற முறை இங்கு வந்தது. கால் தோலா எடைக்கு அரை அணா. 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்த பின்கோடும், ஒரே பெயரில் பல ஊர்கள் இருக்கும் நாட்டில் கடிதம் வழிதவறாமல் சேர வேண்டும் என்பதற்காக வகுக்கப்பட்ட ஆறு எண்கள்தாம். இன்று அதே ஆறு எண்களைப் பார்த்து, இவர் மலையில் இருக்கிறார், இவருக்கு வேறு கடை இல்லை, கேட்டதைக் கொடுப்பார் என்று கூலியை ஏற்றுகிறார்கள். எல்லாப் பொருளுக்கும் அரை அணாக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தூரத்துக்கு உரியதைக் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறோம்.

புது கேஸ்கெட் நன்றாக உழைக்கிறது. நாட்காட்டித் தாளுக்கு வாங்கிய 25 ரூபாயைப் பற்றி அந்தக் குறைதீர் அலுவலருக்கு நான் அனுப்பிய இரண்டாவது மின்னஞ்சலுக்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை; அதன் நகலையும் 1915க்கு அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர்,
வால்பாறை