‘அரைப்பு’ அல்ல, பாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் மொழிபெயர்ப்புக் கட்டுரையில் ஒரு பெண் ‘தினசரி அரைப்பிலிருந்து விடுபட’ மலைக்குப் போகிறாள். எங்கள் வீட்டில் அதைப் படித்த மூன்று பேருக்கும் பொருள் விளங்கவில்லை. மூலத்தில் ‘டெய்லி கிரைண்ட்’ என்று இருந்திருக்க வேண்டும். அரசுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் என்பதால் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

‘அன்றாட வழக்கம்’ என்று மாற்றினாலும் சரியாகாது. விடியற்காலையில் எழுந்து கோலம் போடுவது வழக்கம்; அதை விரும்பியே செய்கிறோம். ‘கிரைண்ட்’ என்பதில் சலிப்பும் உடல்நோவும் சேர்ந்திருக்கின்றன. விருப்பமில்லாவிட்டாலும் பிழைப்புக்காக நாளையும் செய்தாக வேண்டிய வேலை அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சிறைகளில் ‘டிரெட்மில்’ என்ற தண்டனைச் சக்கரம் இருந்தது. 1818இல் வில்லியம் கியூபிட் என்ற பொறியாளர் வடிவமைத்தது. அதன் படிகளில் கைதிகள் மணிக்கணக்கில் ஏறுவார்கள். மிதிக்க மிதிக்கப் படி கீழே போய்விடும். லண்டன் பிரிக்ஸ்டன் சிறையில் அந்தச் சக்கரம் தானியமாவது அரைத்தது. கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் சிறையில் அதுவும் இல்லை. அங்கிருந்த கைதிகள் தங்கள் வேலையைக் ‘காற்றை அரைப்பது’ என்றே சொன்னார்கள். 1862இல் ஹென்றி மேஹ்யூ என்ற ஆங்கிலப் பத்திரிகையாளர் இதைப் பதிவு செய்திருக்கிறார். ‘கிரைண்ட்’ சிறையில் பிறந்த சொல் அல்ல. ஆனால் ஆங்கிலம் பேசுகிறவர் காதில் அது எத்தனை கனமாக விழும் என்பதை அந்தக் கைதிகளின் பேச்சு காட்டிவிடுகிறது.

இதைச் சொல்லும்போது வ.உ.சி. நினைவுக்கு வருகிறார். தங்கள் நாட்டில் 1898ஆம் ஆண்டுச் சிறைச் சட்டத்தோடு அந்தச் சக்கரத்தைக் கைவிடத் தொடங்கிய ஆங்கிலேயர்கள், 1908இல் சிறைப்பட்ட அவரைக் கோவைச் சிறையில் மாடு இழுக்கும் செக்கை இழுக்க வைத்தார்கள். அந்தச் செக்கு இன்று சென்னை காந்தி மண்டப வளாகத்தில் இருக்கிறது. செக்குமாடு என்று நாம் பேச்சுவாக்கில் சொல்லும் சொல்லுக்குள் ஒரு மனிதரின் தோள்வலியும் இருக்கிறது. அதனால், அலுவலகம் போய்வரும் ஒருத்தியின் அலுப்பைச் சொல்ல ‘செக்குமாட்டு வாழ்க்கை’ சற்று அதிகம் என்பது என் கருத்து.

‘அரைத்த மாவையே அரைப்பது’ பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் சொன்னதையே திரும்பச் சொல்கிறவரைத்தான் அப்படிச் சொல்வோம்; உழைக்கிறவரை அல்ல.

நம்மிடம் ‘பாடு’ இருக்கிறது. பாடுபடுகிறோம், வயிற்றுப்பாட்டுக்கு அலைகிறோம், ‘அன்றாடப்பாடே பெரும்பாடு’ என்று பெருமூச்சு விடுகிறோம். உழைப்பும் துன்பமும் ஒரே சொல்லில் கலந்திருக்கின்றன. என் அம்மா ஆட்டுக்கல்லின் முன் உட்கார்ந்து மாவரைத்த நாள்களில்கூட அதை அரைப்பு என்று அலுத்துக்கொண்டதில்லை; ‘என் பாடு’ என்றுதான் சொன்னார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: ‘பாட்டிலிருந்து’ என்று எழுதினால் இசைப்பாட்டு என்று மயங்க இடமுண்டு. ‘அன்றாடப் பாடுகளிலிருந்து விலகி நான்கு நாள் மலையில் இருந்தாள்’ என்றால் யாருக்கும் விளங்கும்.

அந்தக் கட்டுரை நூலாக வருமானால், இந்த ஒரு வரியையாவது திருத்தும்படி மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை,
கரூர்