தீவுகளைப் பற்றிக் கதைக்க இடமும் கூழும் தந்த எல்லாருக்கும் நன்றி

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில, வேலணையில நாங்கள் கொஞ்சப்பேர் சேர்ந்து வைச்ச கூட்டத்தின்ர கணக்கு வழக்கு முடிஞ்சுது, இனி நன்றி சொல்லுற வேலைதான் பாக்கி. ஆற்ற பேரும் போடேல்லை, பேர் போட்டா விடுபட்டவை கோவிப்பினம், அதோட உதவின ஆக்களில பாதிப்பேர் "என்ர பேரைப் போடாதையுங்கோ" எண்டு முதலே சொல்லிப்போட்டினம்.

வராத ஆக்களுக்கு ஒரு விளக்கம். சின்னத் தீவு நாடுகள் எண்டு ஐநா 39 நாட்டைத் தனியாப் பாக்குது, எங்களுக்குக் கிட்ட மாலைதீவு, அங்கால சீசெல்ஸ், மொரிசியஸ், இலங்கை அதுக்குள்ள இல்லை. அந்த நாடுகளுக்கு வெளியால இருந்து காசும் திட்டமும் வரேக்க ஊர்ச் சங்கங்கள், மாணவர், பொம்பிளையள் குழுக்கள் என்ன செய்யினம், அதில எங்கட தீவுப்பகுதிக்கு எதை எடுக்கலாம், இதுதான் கதைச்சது. "மாலைதீவை மாலைதீவுக்காரர் பாப்பினம், உங்களுக்கேன் உந்த வேலை" எண்டு கேட்ட மாமாவும் வந்து கடைசி மட்டும் இருந்தவர், அவருக்கும் நன்றி.

முதல் நன்றி போட்கார அண்ணாமாருக்கு. நெடுந்தீவு, நயினாதீவு ஆக்கள் குறிகாட்டுவான் துறையால வரோணும், அனலைதீவு, எழுவைதீவு ஆக்கள் ஊர்காவற்றுறையால வரோணும், பின்னேரம் கடைசி போட்டை விட்டா பேந்து விடியத்தான், அதால தீவுக்காரர் எந்த மீற்றிங்குக்குப் போனாலும் பாதியில எழும்பி ஓடுறதுதான் வழக்கம். டவுணில ஏசி ஹோலில மூண்டு மணிக்குக் கூட்டத்தை வைச்சுப்போட்டு "தீவுப்பகுதி மக்களின் பங்களிப்புக் குறைவு" எண்டு ரிப்போட் எழுதுற ஆக்களுக்கு உது விளங்காது. இந்தமுறை காத்தும் கொஞ்சம் கூட, எண்டாலும் கடைசி ஆள் வந்து ஏறுமட்டும் நிண்டு கூட்டிக்கொண்டு போனியள்.

மண்டபமும் கதிரையும் தந்த சனசமூக நிலையத்துக்கு நன்றி. கூழ் காய்ச்சின மாதர் சங்க அக்காமாருக்குத் தனிக் கடிதமே எழுதலாம், நண்டு, திருக்கை, பயித்தங்காய், பலாக்கொட்டை எல்லாம் போட்டு, புளி கொஞ்சம் தூக்கலா, ஓலையில மடிச்ச பிளாவில. உண்மையைச் சொன்னா நல்ல கதை பாதி கூழ் குடிக்கேக்கதான் வந்தது, மைக்கைப் பிடிச்சா வாய் திறக்காத ஆக்களெல்லாம் பிளாவைப் பிடிச்சுக்கொண்டு கதைச்சினம்.

சட்டம் படிக்கிற தங்கச்சி பசிபிக் மாணவரின்ர கதையைச் சொன்னவா. 2019இல வனுவாட்டு எண்ட பசிபிக் தீவு நாட்டில தென்பசிபிக் பல்கலைக்கழகத்துச் சட்ட மாணவர் 27 பேர், காலநிலை மாற்றத்தில நாடுகளுக்கு என்ன கடமை எண்டு சர்வதேச நீதிமன்றத்திட்டக் கேளுங்கோ எண்டு தங்கட அரசாங்கங்களுக்கு எழுதிச்சினம், வனுவாட்டு அதைக் கையில எடுத்துது, 2023 மார்ச்சில ஐநா பொதுச்சபை ஏகமனதாத் தீர்மானம் போட்டுது, 2025 ஜூலை 23 நீதிமன்றம் "ஓம், கடமை இருக்கு" எண்டு கருத்துச் சொல்லிச்சுது. பின்வரிசையில இருந்த ஓஎல் படிக்கிற பிள்ளை ஒண்டு எழும்பி "அவைக்கு ஆர் காசு குடுத்தது?" எண்டு கேட்டுது. வகுப்பில தந்த பயிற்சியாத்தான் துவங்கினது எண்டவுடன ஹோலே சிரிச்சுது. ஆனா அந்தக் கேள்வி சரியான கேள்வி, எங்கட ஊரில எதைத் துவங்கவும் புரொஜெக்ட் வருமட்டும் காத்திருந்தே பழகிப்போச்சு.

பீஜியின்ர மட்டிக் கதைக்குத்தான் கடற்றொழிலாளர் சங்க ஐயாமார் காது குடுத்தவை. உதுனிவனுவா எண்ட கிராமம் 1997இல அதே பல்கலைக்கழகத்தோட சேர்ந்து கரையில ஒரு துண்டைப் பிடிக்கக் கூடாது எண்டு மூடிச்சுது, குறைஞ்சுகொண்டு போன மட்டி திரும்பப் பெருகிச்சுது, எண்ணிக் கணக்கு எழுதினது ஊராக்கள்தான், பிறகு மற்றக் கிராமங்களும் அதைப் பாத்துச் செய்துதுகள். ஐயா ஒராள் கேட்டார், "நாங்கள் மூடினா, வெளியால இருந்து வந்து அள்ளுறவனை ஆர் மறிக்கிறது?" பீஜியில கரைக்கடலில ஊருக்குப் பரம்பரை உரிமை இருக்கு, எங்களுக்கு அப்பிடி இல்லை, அதால ஐயாவுக்கு ஒருத்தரிட்டயும் மறுமொழி இல்லை.

சூமில வந்து மாலைதீவுத் தண்ணியைப் பற்றிச் சொன்ன நண்பருக்கும், பக்கத்தில இருந்து தமிழில சொன்ன தம்பிக்கும் நன்றி. அங்க தீவுக்குக் கீழ நல்ல தண்ணி மெல்லிய படையா உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது, கூட இறைச்சா உப்பு மேல வரும், 2004 சுனாமியோட கனக்கத் தீவில கிணறு பழுதாப்போச்சு. எங்கட சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழயும் அதே கதைதானே. நெடுந்தீவு அம்மா ஒராள் சோடாப் போத்தல் ரெண்டில ஒரே கிணத்துத் தண்ணி கொண்டுவந்தவா, ஒண்டு விடிய அள்ளினது, மற்றது நாள் முழுக்க இறைச்சாப் பிறகு அள்ளினது, எல்லாருக்கும் ஒவ்வொரு மிடறு. ரெண்டாவதைக் குடிச்சவையின்ர மூஞ்சியைப் பாத்திருக்கோணும்! அம்மா, அண்டைக்கு வந்த ஸ்லைட் எல்லாத்தையும் உங்கட போத்தல் வெண்டுபோட்டுது.

எனக்கு ஒரு கோவமும் இருக்கு, அதையும் சொல்லிவிடுறன். 2014இல சமோவாவில நடந்த, சின்னத் தீவு நாடுகளுக்கான ஐநா மாநாட்டின்ர தலைப்பே உண்மையான, நீடிச்ச கூட்டாண்மை எண்டதுதான், 300க்குக் கிட்டக் கூட்டாண்மைகளை அறிவிச்சவை. பேப்பரில வடிவா இருக்கு. ஆனா ஊர்ச் சங்கத்தை எப்ப கூப்பிடுறினம் எண்டதுதான் விசயம், எல்லாம் முடிவெடுத்தாப் பிறகு கையெழுத்துக்கும் படத்துக்கும் கூப்பிட்டா அது கூட்டு இல்லை. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவுக்கு இந்திய உதவியில காத்தாலை, சூரிய மின்சாரம் செய்ய 2022இல ஒப்பந்தம் போட்டினம், டீசல் ஜெனரேட்டரோட காலம் தள்ளின சனத்துக்கு அது நல்ல விசயம்தான். எலக்ரீசியன் அண்ணா சொன்னமாதிரி, பழுதானா திருத்துற பொடியன் அந்தத் தீவிலயே இருக்கோணும், அவனை இப்பவே பழக்கோணும், அதைக் கேக்க வேண்டியது தீவுச் சங்கங்கள்தான்.

கணக்கு முழுக்க வாசிகசாலை நோட்டிஸ் போட்டில ஒட்டியிருக்கு, ஒருக்காப் பாருங்கோ. மிஞ்சின காசில தண்ணியின்ர உப்பைப் பாக்கிற சின்ன மீற்றர் ஒண்டு வாங்கினாங்கள், நெடுந்தீவில சயன்ஸ் ரீச்சர் ஒராள் பொறுப்பெடுத்திருக்கிறா, தங்கட கிணத்தைப் பாக்கோணும் எண்டுற ஆக்கள் அவவோட கதையுங்கோ. பிறகு, நீலப் பிளாஸ்க் ஒண்டும் சின்னப்பிள்ளைச் செருப்பு ஒரு சோடியும் வாசிகசாலையில கிடக்கு, ஆற்றயோ வந்து எடுங்கோ.