சிமெண்டுக் குதிரைக்குச் சம்மதித்த அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை வேண்டி அய்யனாருக்கு மண்குதிரை செலுத்தும் புரவி எடுப்புக்கு, குதிரை செய்யச் சொல்லி ஊர் கொடுக்கும் பிடிமண்ணை இந்த ஆண்டு வாங்க மறுத்துவிட்டு, அய்யனார் திடலில் சிமெண்டுக் குதிரை கட்டித் தரச் சம்மதித்துவிட்டீர்கள் என்று அண்ணி சொல்லித்தான் அறிந்தேன். காரணம் கேட்கப்போவதில்லை, கண்மாயில் களிமண் படிந்த மூலையைச் சீமைக்கருவேலம் மூடிவிட்டதையும், சூளை அடுக்க ஆள் கிடைக்காததையும் நானும் பார்த்தவன்தான்.

எனக்கு நினைவில் நிற்பது 2017. முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்து, ஜனவரியில் அத்தனை மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்திருந்தது. பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கண்மாயில்தான் மண் வெட்டினோம். மழை கேட்டுச் செய்கிற குதிரைக்கு, அது சூளையில் வேகும்வரை மழை ஆகாது என்பதை ஊர் யோசிப்பதில்லை. வைகாசியில் ஓரிரவு கோடைமழை இறங்கியபோது, தெருவே வெளியில் வந்து நனைந்து ஆடிக்கொண்டிருக்க, நீங்கள் மட்டும் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, பச்சை மண்ணாக நின்ற குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். உமி கலந்த சேறு உங்கள் முழங்கையில் வழிந்தது. "நிக்கச் சொல்லுடா" என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். யாரை என்று நான் கேட்கவில்லை.

ஒரு காது மட்டும் கரைந்து விழுந்தது. விடிந்ததும் வேறு காது செய்து ஒட்டினீர்கள். பேசிய கூலியில் எவ்வளவு கைக்கு வந்தது என்பதை இங்கே எழுத மாட்டேன். ஊரார் படிப்பார்கள், நீங்கள் அங்கேதான் இருந்தாக வேண்டும்.

அதன்பின் நான் திருப்பூருக்கு வந்துவிட்டதை மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தத் தொழிலில் இரண்டு குடும்பம் சாப்பிட முடியாது என்று சொன்னவரே நீங்கள்தான். சொல்லிவிட்டு, ஓடிப்போனவன் என்று ஊரெல்லாம் பேசியது என்ன நியாயம்?

புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலத்து அய்யனார் கோயிலில் நிலையாக நிற்கும் பெரிய குதிரையைக் காட்டி உங்களை மடக்கியிருப்பார்கள். அங்கே மாசி மகத்துக்கு அந்த ஒரே குதிரைக்குத்தான் காகித மாலைகள் குவிகின்றன. நமக்கோ ஒவ்வோர் எடுப்புக்கும் புதுக்குதிரை வேண்டும்; பழையது வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து திடலோடு சேர வேண்டும். உதிராத ஒன்றை நிறுத்திவிட்டால், அடுத்த பஞ்சத்தில் எதற்காகப் பிடிமண் கொடுப்பார்கள், கண்மாய்க்குள் யார் மண்வெட்டியோடு இறங்குவார்கள்?

வட்டாட்சியர் அனுமதி தந்தால் மண்பாண்டத் தொழிலாளர்கள் கண்மாய் மண்ணை இலவசமாக எடுக்கலாம் என்று 2024-இல் ஆணை வந்திருக்கிறது. மனுவை எழுதி வைத்திருக்கிறேன். பங்குனியில் விடுப்பெடுத்து வருகிறேன். கையெழுத்திடுவது உங்கள் விருப்பம். அதுவரை கமிட்டியிடம் முன்பணம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

உங்கள் தம்பி