லூசில் பாலுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, அமெரிக்க நகைச்சுவை நடிகை லூசில் பாலை ஒரே வரியில் கடந்து சென்றது வருத்தமளிக்கிறது. 1911-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்து, ஹாலிவுட்டில் பல ஆண்டுகள் பெரிதும் சிறு வேடங்களிலேயே காலம் தள்ளிய அவர், 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரால் நாற்பது வயதில்தான் உச்சிக்கு வந்தார். நகரும் பட்டையில் விரைந்து வரும் சாக்லேட்டுகளைக் காகிதத்தில் சுற்றி மாளாமல், வாயிலும் தொப்பிக்குள்ளும் அவர் திணித்துக்கொள்ளும் காட்சிக்கு இன்றும் வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

நடிப்பைவிடப் பெரிது என நான் கருதுவது, முன்னாள் கணவர் டெசி அர்னாசின் பங்குகளை 1962-இல் வாங்கி, டெசிலு என்ற தொடர் தயாரிப்பு நிறுவனத்தைத் தாமே தலைமையேற்று நடத்தியதுதான். 'ஸ்டார் டிரெக்' தொடர் அங்கேதான் உருவானது. நூறு படங்களுக்கு மேல் தயாரித்த டி.ஆர்.சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இருந்த இடத்தில், இன்று ஏற்காடு சாலையோரம் நுழைவு வளைவு நிற்பதைப் பார்த்துக்கொண்டே போகும் சேலத்துக்காரர்களுக்கு, ஒரு ஸ்டூடியோவைக் கட்டிக்காப்பது எத்தனை பெரிய பாடு என்பதைச் சொல்லத் தேவையில்லை. லூசில் பாலின் வாழ்க்கையை ஞாயிறு இணைப்பில் விரிவாக வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் வாசகி,
அஸ்தம்பட்டி, சேலம்.